ஓசையில்லாமல் வந்த கால்கள்

"என்னென்ன திருட்டுப் போச்சு?" என்று கேட்டான் பட்டாசு.

"ஒண்ணும் போகலை," என்றாள் நர்ஸ்.

"சரி, என்னென்ன உடைஞ்சுது?"

"ஒண்ணும் உடையலை."

"அப்போ என்னன்னு புகார் கொடுக்கறது? திருடன் வேலைக்கு வந்துட்டு வேலை பார்க்காமப் போயிட்டான்னா?"

மேடம் டீக்கோப்பையிலிருந்து கண்ணை மட்டும் உயர்த்தினார். பட்டாசு வாயை மூடிக்கொண்டான். அது அதிக நேரம் மூடியிருக்காது என்பது இருவருக்கும் தெரியும். சண்டை நடந்த காலத்தில் பதுங்குகுழியில் விடிய விடியப் பேசிப் பழகிய வாய் அது. தான் பேசிக்கொண்டே இருந்தால் வெளியே விழும் குண்டுச் சத்தம் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காது என்று அப்போது கண்டுபிடித்தான். சண்டை ஓய்ந்துவிட்டது. வாய் ஓயவில்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் மறைந்து பட்டாசு என்பதே நிலைத்துவிட்டது.

மேடத்தின் கதை வேறு. சண்டைக்கு முன்னால் அவர் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தார். எரிந்த கடை தானாக எரிந்ததா, முதலாளி எரித்ததா என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. சண்டை வந்ததும் ஊரே எரிந்தது. யார் எரித்தது என்று கேட்க ஆளில்லை. கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. மேடம் போகவில்லை. ஒரு சைக்கிள் கடைக்கு மேலே அறை எடுத்து, வாசலில் 'துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டினார்.

"நீங்க முதல்லேருந்து சொல்லுங்கம்மா," என்றார் மேடம்.

நர்ஸ் பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னாள். பெரிய ஆஸ்பத்திரியில் பகல் டியூட்டி. கல்யாணம் ஆகவில்லை, சொந்தம் என்று சொல்ல ஊரில் யாரும் இல்லை. பாதி வீடுகளுக்குக் கூரை இல்லாத இந்த ஊரில் வாடகைக்கு வீடு கிடைப்பதே குதிரைக்கொம்பு. அதிலும் தனியாக ஒரு பெண் என்றால், கதவைத் திறந்தவர்கள் சிரித்துக்கொண்டே சாத்தினார்கள். கடைசியில் ஒரு அமைதியான தெருவில் ஒரு மாடி வீடு கிடைத்தது. கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும். அவர் மின்வாரியத்தில் லைன்மேன். அந்த அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவர்.

"நல்ல மனுஷங்க. அக்கா ரொம்பப் பேசமாட்டாங்க. ஆனா என் ஜாக்கெட்ல ஒரு கொக்கி விட்டிருந்தா, கேட்காமலே தைச்சுக் கொடுப்பாங்க."

"பிரச்சினை?"

"நான் டியூட்டிக்குப் போனதும் யாரோ வீட்டுக்குள்ள வர்றாங்க மேடம். தெருப்பக்க ஜன்னலைத் திறந்து வச்சிட்டுப் போவேன், வந்து பார்த்தா சாத்தியிருக்கும். ரேடியோ சத்தத்தைக் குறைச்சு வச்சிருப்பாங்க. ஒரு நாள் அலாரம் கடிகாரத்தைக் காணோம். தேடினா, பீரோவுக்குள்ள புடவைக்கு நடுவுல டிக்டிக்குன்னு கிடக்குது."

"குளிருக்குப் போர்த்தி விட்டிருப்பான் போல," என்றான் பட்டாசு.

நர்ஸ் சிரிக்கவில்லை. "பூட்டை மாத்திக்கிறேன்னு வீட்டுக்கார அண்ணன்கிட்ட கேட்டேன். பழைய கதவு, ஆணி அடிச்சா பிளந்துடும்னு சொல்லிட்டாரு. போலீசுக்குப் போனா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்களோன்னு பயம். இந்த வீட்டை விட்டா எனக்கு ஆஸ்பத்திரி வராந்தாதான். யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் கொடுங்க. சத்தமில்லாம."

மேடம் கோப்பையைக் கீழே வைத்தார். "நாளைக்கு லீவு போடுங்க. ஆனா வழக்கம்போல டியூட்டிக்குக் கிளம்புங்க."

மறுநாள் காலை, லைன்மேன் தெரு முனையில் ஒரு கம்பத்தின் உச்சியில் இருந்த நேரத்தில், அவர்கள் மாடி ஏறினார்கள். கீழ்வீட்டிலிருந்து தையல் மிஷின் ஓடும் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

பெரிய ஹால். சிவப்புச் சிமெண்டுத் தரை. நர்ஸிடம் சாமான் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சுவர் ஓரமாக ஒரு கட்டில், ஒரு பீரோ, ரேடியோ வைத்த ஒரு முக்காலி. ஹாலின் நடுவில் வெறும் தரை. பந்து விளையாடலாம்.

மேடம் கதவை ஆட்டிப் பார்த்தார். பழைய கதவு, ஒரு முனகல்கூட இல்லை. கீலில் விரலை வைத்து முகர்ந்தார். பட்டாசின் மூக்கருகே நீட்டினார்.

"எண்ணெய்," என்றான் அவன்.

"என்ன எண்ணெய்னு ஞாபகம் வச்சுக்கோ."

சமையலறைக் குழாயைப் பார்த்ததும் மேடம் அசையாமல் நின்றுவிட்டார். குழாய் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதன் வாயில் நீளமாக ஒரு துணிக்கீற்று கட்டியிருந்தது. சொட்டும் நீர் துணி வழியாகவே இறங்கி, தொட்டிக்குள் சத்தமே இல்லாமல் போய்ச் சேர்ந்தது.

"இது நீங்க கட்டினதா?"

"இல்லை மேடம். நான் அவிழ்த்துப் போடறேன். மறுபடி கட்டியிருக்கும்."

"கண்டுபிடிச்சிட்டேன்," என்றான் பட்டாசு. "லைப்ரரியில வேலை பார்த்து வேலை போன ஆளு. பழக்கதோஷம். ஊர்ல எங்க சத்தம் கேட்டாலும் போய் அடக்கிட்டு வர்றான்."

மேடம் அவனை முறைக்கவில்லை. ஆச்சரியமாக, தலையசைத்தார். "உளறலா இருந்தாலும் பாதி சரிடா. ஜன்னல், ரேடியோ, கடிகாரம், கதவு, குழாய். வர்ற ஆள் எதையும் எடுக்கலை. சத்தத்தை மட்டும்தான் எடுத்துட்டுப் போறான்."

"எதுக்கு?"

"அதுதான் தெரியலை."

"எனக்குத் தெரியும் மேடம். வீட்டுக்காரர்! பூட்டை மாத்த விடமாட்டேங்கறாரு. சாவி ஒண்ணு அவர்கிட்ட இருக்கும். பேய் இருக்குன்னு பயமுறுத்திக் காலி பண்ண வச்சிட்டு, வேற ஆளுக்கு வாடகையை ஏத்தி விடப் பார்க்கறாரு."

"பயமுறுத்த வந்தவன் கதவைக் கிறீச்சுன்னு கத்த விடுவானா, எண்ணெய் போடுவானா?"

பட்டாசு தலையைச் சொறிந்தான்.

மேடம் கைப்பையிலிருந்து முகப்பவுடர் டப்பாவை எடுத்து அவனிடம் கொடுத்தார். ஹால் முழுவதும் மெல்லிசாகத் தூவச் சொன்னார். "என் முகத்துக்கே நான் இவ்வளவு செலவு பண்ணினதில்லை மேடம்," என்று முனகிக்கொண்டே குனிந்து தூவினான். ஜன்னலைத் திறந்துவைத்து, ரேடியோவை உரக்க வைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினார்கள். நர்ஸ் கைப்பையோடு தெருவில் இறங்கி ஆஸ்பத்திரிப் பக்கமாக நடந்து, சந்து வழியாகத் திரும்பி வந்து, எதிரே இருந்த சலூனில் அவர்களோடு சேர்ந்துகொண்டாள்.

சலூன்காரர் பட்டாசைச் சும்மா உட்கார விடவில்லை. முகச்சவரம் முடிந்து, தலைமுடிக்கும் கத்தரி வந்துவிட்டது. கண்ணாடி வழியாக அவன் அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். தெருவிலிருந்து யாரும் உள்ளே போகவில்லை. லைன்மேன் மட்டும் கம்பத்திலிருந்து இறங்கி, சைக்கிளில் வந்து, சாப்பிட வீட்டுக்குள் நுழைந்தார்.

சற்று நேரத்தில் மாடி ஜன்னல் சாத்திக்கொண்டது. ரேடியோ அடங்கியது.

"நான் சொன்னேன்ல!" பட்டாசு துணியோடு எழுந்தான். பாதித் தலைக்குத்தான் முடி வெட்டியிருந்தது.

அவர்கள் மாடிக்குப் போனபோது ஹாலில் யாரும் இல்லை. பவுடரில் தடங்கள் மட்டும் இருந்தன. வெறுங்கால். ஆனால் ஒன்றில்கூடக் குதிகால் இல்லை. விரல்களும் முன்பாதமும் மட்டும்.

"யாருமே இல்லாத வீட்ல எதுக்கு மேடம் பூனை நடை?" என்றான் பட்டாசு. குரல் தானாகவே தணிந்திருந்தது.

மேடம் கையைக் காட்டினார். தடங்கள் வாசலிலிருந்து நேராக ஜன்னலுக்குப் போகவில்லை. ஹாலின் நடுவுக்கு வந்ததும், அங்கே ஒன்றுமே இல்லாத வெறும் தரையில், ஒதுங்கி ஒரு வளைவு எடுத்துச் சுற்றிக்கொண்டு போயின. ஜன்னலிலிருந்து சமையலறைக்கு. மறுபடி வாசலுக்கு. எத்தனை தடவை கடந்திருந்தாலும் அதே இடத்தில் அதே வளைவு. அந்த வளைவுக்குள்ளே பவுடர் கலையாமல் கிடந்தது.

பட்டாசு அந்த இடத்தையே பார்த்தான். நீளத்தில் அவன் கை அளவு, அகலத்தில் அதைவிடக் குறைவு.

"யாரது?"

வாசலில் லைன்மேன். தோளில் இன்னும் கயிறு தொங்கியது. தரையைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னால், "நான்தான்," என்றார்.

"நீங்கதான்னா?"

"நான்தாம்மா வந்தேன். குழாய் ஒழுகுதேன்னு பார்க்க. தப்புதான். சொல்லிட்டு வந்திருக்கணும். இந்தப் பொண்ணு காலி பண்ண வேண்டாம், வாடகை பத்தியும் பேச்சில்லை. இதோட விட்டுடுங்க." பேசிக்கொண்டே அவர் ஜன்னல் பக்கம் நடந்தார். திம் திம்மென்று நேராக, ஹாலின் நட்டநடுவே. கலையாமல் இருந்த பவுடரில் அவருடைய செருப்பு அழுந்தப் பதிந்தது.

மேடம் அந்தச் செருப்புத் தடத்தைப் பார்த்தார். "நீங்க இல்லை சார்," என்றார் மெதுவாக.

"நான்தான்னு சொல்றேனே!"

"நீங்க அதை மிதிச்சிட்டீங்க."

லைன்மேன் குனிந்து தன் காலைப் பார்த்தார். சூடு பட்டவர் போல் காலை எடுத்தார். அவர் முகம் மாறியது. அப்போதுதான் கீழே தையல் மிஷின் நின்றிருப்பது பட்டாசுக்குத் தெரிந்தது.

தையல்காரம்மா ஒரு தட்டில் தண்ணீர் டம்ளர்களோடு வந்தார். பேச்சுக்குரல் கேட்டு, விருந்தாளிகள் என்று நினைத்திருக்க வேண்டும். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், புடவையை ஒரு கையால் லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விரல் நுனியில் நடந்து வந்தார். ஹாலின் நடுவுக்கு வந்ததும், நினைத்துச் செய்வது போலவே இல்லாமல், ஒதுங்கி வளைந்து சுற்றிக்கொண்டு வந்து மேடத்திடம் தட்டை நீட்டினார். மிஷின் எண்ணெயின் வாசனை மெல்ல வீசியது.

யாரும் டம்ளரை எடுக்கவில்லை. அந்த அம்மா அவர்கள் பார்வை போன இடத்தைப் பார்த்தார். தரையில் வெள்ளைத் தடங்கள். தன் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். விரல்களெல்லாம் வெள்ளை.

"அக்கா," என்றாள் நர்ஸ்.

தட்டு ஆடியது. பட்டாசு அதை வாங்கிக்கொண்டான். அந்த அம்மா இருந்த இடத்திலேயே, அந்த வளைவின் ஓரத்தில், உட்கார்ந்துவிட்டார்.

"இங்கதான் தொட்டில் இருந்துச்சு," என்றார். "மரத்தொட்டில். அவரு செஞ்சது. அப்போ நாங்க மேலதான் இருந்தோம்."

"வேணாம்மா," என்றார் லைன்மேன். "எழுந்திரு, கீழ போலாம்."

அந்த அம்மாவின் காதில் அது விழவில்லை. "பிள்ளையைத் தூங்கப் போட்டுட்டு, துணி எடுக்கக் கீழ போனேன். எதிர்வீட்டுல குண்டு விழுந்துச்சு. ஓடி வந்தேன். ஜன்னல் கண்ணாடி பூரா தரையில. அவன் அசையவே இல்லை. அப்பாடா, முழிச்சுக்கலைன்னு நினைச்சேன்." அவர் சிரிப்பது போல் முகத்தை வைத்துக்கொண்டார். "லேசுல தூங்கற பிள்ளை இல்லை அவன். ஒரு ஊசி விழுந்தா முழிச்சுப்பான். இவ்வளவு சத்தத்துலயும் தூங்கறானேன்னு அவ்வளவு சந்தோஷம் எனக்கு. சுத்திக்கிட்டுப் போய் ஜன்னலைச் சாத்தினேன். ரேடியோவை அணைச்சேன். குழாய் சொட்டிக்கிட்டிருந்தது, துணி கட்டினேன். கண்ணாடியெல்லாம் சத்தம் வராம பொறுக்கினேன். அப்புறம் கீழ போய்த் தைக்க உட்கார்ந்துட்டேன். சாயங்காலம் இவரு வந்து மேல போனாரு. இவருதான் பார்த்தாரு."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். எத்தனையோ வார்டுகளில் எத்தனையோ பார்த்தவள், சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள்.

"எவ்வளவு நேரம் அவனை அப்படித் தனியா விட்டேன் நான்," என்றார் அந்த அம்மா.

பட்டாசு கையில் தட்டோடு நின்றான். பதுங்குகுழியில் இரவு முழுக்கப் பேசித் தீர்த்தவனுக்கு, இந்தப் பகல் வெளிச்சத்தில் சொல்ல ஒரு வார்த்தை அகப்படவில்லை.

மேடம்தான் லைன்மேனை வாசல் ஓரம் அழைத்துப் போனார். "உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்."

"பழியை ஏத்துக்கிட்டீங்க. சரி, மனைவிக்காக. ஆனா அந்த 'நான்தான்'ல ஒரு பயம் இருந்துச்சு சார். அவமானம் இல்லை. பயம்."

லைன்மேன் தோளிலிருந்த கயிற்றைக் கழற்றிக் கையில் சுருட்டினார். "அவ அன்னிக்கு எங்கூட வரலை. வீட்டை விட்டு நகரலை. நான் மட்டும்தான் தூக்கிட்டுப் போனேன். இன்னிவரைக்கும் எங்க வச்சேன்னு அவ கேட்டதே இல்லை. அவளுக்கு அவன் இங்கதான். இங்க வந்துட்டுப் போனா போதும். குடிவர்றவங்க பயந்து காலி பண்ணிட்டுப் போவாங்க, நான் வேற ஆளைத் தேடுவேன். இதை நிறுத்தினா அவ அடுத்தது அதைத்தான் கேப்பாளேம்மா. அதுக்குத்தான் பயம்."

"கேட்டா என்ன?"

அவர் பதில் சொல்வதற்குள், உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்னங்க. அவனை எங்க வச்சீங்க?"

லைன்மேன் கண்ணை மூடிக்கொண்டார்.

"இத்தனை நாள் கேக்கலை. இப்போ கேக்கறேன். கூட்டிட்டுப் போங்க."

"இன்னொரு நாள் போலாம்மா."

"இப்போ."

அவர் மேடத்தைப் பார்த்தார். ஊரிலேயே கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிய மேடத்திடம் அதற்கு ஒரு வழியும் இல்லை. பட்டாசு அப்படி ஒரு முகத்தை அவரிடம் பார்த்ததில்லை.

எல்லோருமே இறங்கினார்கள். யாரும் யாரையும் வா என்று சொல்லவில்லை. நர்ஸ் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். லைன்மேன் முன்னால் நடந்தார். நடந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல், சொல்லிக்கொண்டே போனார்.

"மயானத்துக்குப் போற ரோட்டை அடைச்சிருந்தாங்க. துப்பாக்கியோட நின்னாங்க. கெஞ்சிப் பார்த்தேன், விடலை. இருட்டறதுக்குள்ள வீடு திரும்பணும். கையில அவன். என்ன பண்றதுன்னு தெரியலை. பின்தெருவுல ஒரு காலி மனை இருந்துச்சு. புல்லு நிறைய. அவனுக்குப் பச்சை பிடிக்கும்னு..." அவர் நிறுத்தினார். "சண்டை முடிஞ்சதும் எடுத்து முறையா வைக்கணும்னுதான் நினைச்சேன். நான் வேலைக்காக வெளியூர் லைனுக்குப் போயிருந்தேன். திரும்பி வர்றதுக்குள்ள..."

மூலை திரும்பினார்கள். அங்கே காலி மனை இல்லை.

வீடு ஒன்று நின்றது. புதிய வீடு. கீழும் மேலுமாக. இன்னும் பெயிண்ட் வாசனை போகவில்லை. மாடிக் கம்பியில் யாருடைய துணிகளோ காய்ந்தன. கேட்டில் 'வாடகைக்கு' என்று எழுதிய அட்டை தொங்கியது.

லைன்மேன் கேட்டுக்கு வெளியே நின்றார். கீழ்வீட்டின் முன்னறையை நோக்கி மோவாயை அசைத்தார். அந்த ஜன்னலில் பூப்போட்ட திரை ஆடியது.

அந்த அம்மா அழவில்லை. பட்டாசு அதைத்தான் எதிர்பார்த்து, பிடித்துக்கொள்ளத் தயாராக ஒரு அடி நெருங்கியிருந்தான். அவர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த ஜன்னலையே பார்த்தார். தோட்டத்தில் குழாயோடு நின்றிருந்த வீட்டுச் சொந்தக்காரப் பெண் அவர்களைப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நல்ல முகம். எதுவும் தெரியாத முகம்.

"வீடு பார்க்க வந்தீங்களா? வாங்க, வாங்க. மாடி வீடு காலியாத்தான் இருக்கு. நல்ல காத்து வரும்."

"கீழ் வீடு?" என்று கேட்டார் தையல்காரம்மா.

"கீழ ஆள் இருக்காங்களே. அவங்க ஊருக்கே திரும்பப் போறதாப் பேச்சு. காலியானா சொல்றேன். ஆனா மாடிதான் நல்லது, கீழ அவ்வளவா வெளிச்சம் வராது."

"பரவாயில்லை. எங்களுக்குக் கீழதான் வேணும்."

லைன்மேன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேடம் அவர் முழங்கையைத் தொட்டார்.

"சரி, சொல்லி வைக்கிறேன்," என்றாள் வீட்டுக்காரப் பெண். "நீங்க மொத்தம் எத்தனை பேரு?"

தையல்காரம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கம்பியிலிருந்து கையை எடுத்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"மூணு பேர்," என்றார்.

லைன்மேன் திருத்தவில்லை.